ஸ்டீயரிங் போனால் எஞ்சின் போதுமா?

2024 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை. ஆயுத பூஜை நாள். முசிறி பக்கம் லாரி, டிராக்டர், டூவீலர் என்று எல்லா வண்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கி, தெருவில் பூசணிக்காய் உடைந்து கிடக்கும் நாள். எந்திரங்களுக்கு ஓய்வு கொடுத்துக் கும்பிடும் அந்த நாளின் மாலையில்தான் திருச்சியிலிருந்து ஷார்ஜா கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஒன்று ஹைட்ராலிக் கோளாறு காரணமாகத் திரும்பி வர வேண்டியதாயிற்று. உள்ளே 141 பேர்.

உடனே இறங்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வானத்தில் வட்டமடித்தது. கீழே விமான நிலையத்தில் ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் வரிசையாக நின்றன. எல்லாத் தமிழ் சேனல்களிலும் அதே செய்தி. முசிறி, தொட்டியம், துறையூர், குளித்தலை என்று இந்தப் பகுதியில் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் அன்று டிவி பார்த்தவர்களுக்கு அது வெறும் செய்தி அல்ல. நம்ம ஊர்ப் பையன் யாராவது உள்ளே இருக்கிறானா என்ற பயம். இரவு எட்டேகால் மணி வாக்கில் விமானம் பத்திரமாக இறங்கியது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தமிழ்நாடே பெருமூச்சு விட்டது.

வட்டமடித்ததற்குக் காரணம் எளிமையானது. எரிபொருளைக் குறைத்து எடையை இறக்குவது. ஷார்ஜா வரை போக நிரப்பிய எரிபொருளோடு உடனே இறங்கினால் எடை அதிகம். வானத்திலேயே எரிபொருளைத் திறந்து கொட்டிவிடும் வசதி சில பெரிய விமானங்களில் உண்டு. போயிங் 737ல் கிடையாது. எரித்துத்தான் தீர்க்க வேண்டும். ஆகவே அந்த இரண்டு மணி நேரமும் தவிப்பு அல்ல, திட்டம்.

ஆனால் அன்று பலருக்கும் எழுந்த கேள்வி ஒன்று உண்டு. ஹைட்ராலிக் மொத்தமாகவே போய்விட்டால்? அப்போது என்ன செய்வார்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. நாசா 1990களில் நிஜ விமானங்களைப் பறக்கவிட்டு அதைக் கண்டுபிடித்தது. கண்டுபிடித்ததை யாரும் வாங்கவில்லை என்பதுதான் சுவாரசியமான (கொஞ்சம் சங்கடமான) பகுதி. அந்தக் கதைதான் இது.

முதலில், ஹைட்ராலிக் என்றால் என்ன?

ஜேசிபி மண் அள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். டிரைவர் சின்ன லீவரை அசைக்கிறார், டன் கணக்கில் மண் எழும்புகிறது. அவர் கை பலமா? இல்லை. குழாய்க்குள் அழுத்தத்தோடு ஓடும் எண்ணெயின் பலம். விமானத்திலும் அதே கதைதான். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று அடிக்கும்போது இறக்கையின் மடல்களையும் வால் மடல்களையும் அசைக்க மனிதக் கை போதாது. பைலட் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ஹைட்ராலிக் அழுத்தம்தான் அந்த மடல்களைத் தள்ளுகிறது. மூக்கு ஏறுவது, இறங்குவது, இடம் வலம் சாய்வது எல்லாம் அந்த மடல்களால்தான்.

இவ்வளவு முக்கியமான சமாச்சாரத்தை ஒன்றோடு விடுவார்களா? 737ல் 'ஏ', 'பி' என்று இரண்டு அமைப்புகள், கூடவே 'ஸ்டாண்ட்பை' என்று மூன்றாவது. 'ஏ', 'பி' இரண்டும் போனால்கூட இன்னொரு வழி உண்டு. எஃகுக் கம்பிகள் வழியாகக் கைபலத்தாலேயே மடல்களை ஓரளவு அசைக்கலாம். எஞ்சின் அணைந்த பஸ்ஸில் பவர் ஸ்டீயரிங் கல்லாகிவிடும், ஆனாலும் மூச்சைப் பிடித்துத் திருப்பினால் திரும்பும் இல்லையா, அந்த மாதிரி. திருச்சி விமானத்துக்கு அந்த நிலைமைகூட வரவில்லை.

பெரிய விமானங்களில் இந்தக் கைபல வழி இல்லை. மடல்கள் அவ்வளவு பெரியவை. டி.சி-10 என்ற மூன்று எஞ்சின் விமானத்தில் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகள். போயிங் 747 ஜம்போவில் நான்கு. மூன்றும் அல்லது நான்கும் ஒரே நேரத்தில் போகவே போகாது என்பது கணக்கு. விபத்தை உண்டாக்கக்கூடிய கோளாறு பறக்கும் ஒரு மணி நேரத்துக்கு நூறு கோடியில் ஒரு வாய்ப்புக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விமானத் துறையின் அளவுகோல். நூறு கோடியில் ஒன்று என்றால் கிட்டத்தட்ட 'நடக்காது' என்று அர்த்தம்.

நடந்தது. நான்கே வருட இடைவெளியில் இரண்டு முறை.

ஜப்பான் 1985, அமெரிக்கா 1989

1985 ஆகஸ்ட் 12. டோக்கியோ ஹனேடாவிலிருந்து ஒசாகாவுக்குக் கிளம்பிய ஜப்பான் ஏர்லைன்ஸ் 123. ஜம்போ ஜெட். உள்ளே 524 பேர். ஏழு வருடங்களுக்கு முன்னால், 1978ல், அந்த விமானத்தின் வால் தரையில் உரசியிருந்தது. அப்போது பின்பக்க அழுத்தச் சுவரைச் சரிசெய்தவர்கள் தப்பாகச் சரிசெய்துவிட்டார்கள். அன்று அந்தச் சுவர் பிய்த்துக்கொண்டு போனது. செங்குத்து வாலின் பெரும்பகுதி காணாமல் போனது. நான்கு ஹைட்ராலிக் அமைப்புகளின் குழாய்களும் வால் பக்கம் போவதால் நான்கிலும் எண்ணெய் வடிந்து தீர்ந்தது.

விமானிகள் கைவிடவில்லை. எஞ்சின் விசையைக் கூட்டியும் குறைத்தும் சுமார் அரை மணி நேரம் அந்த விமானத்தை வானத்தில் வைத்திருந்தார்கள். கடைசியில் குன்மா மாநில மலையில் மோதியது. 520 பேர் இறந்தார்கள். நான்கே பேர் பிழைத்தார்கள். ஒற்றை விமானம் சம்பந்தப்பட்ட விபத்துகளில் இன்றைக்கும் மிக அதிக உயிர்ப்பலி வாங்கியது அதுதான்.

1989 ஜூலை 19. டென்வரிலிருந்து சிகாகோவுக்கு யுனைடெட் 232. டி.சி-10. உள்ளே 296 பேர். வாலில் இருக்கும் நடு எஞ்சினின் பெரிய விசிறித் தட்டு, டைட்டானியத்தால் ஆனது, தயாரிக்கும்போதே உள்ளே ஒரு சின்னக் குறையோடு பிறந்திருந்தது. சுமார் 17 வருடம் கழித்து அந்தக் குறையிலிருந்து வளர்ந்த விரிசலில் தட்டு உடைந்து சிதறியது. சிதறிய துண்டுகள் வாலுக்குள் பக்கத்தில் பக்கத்தில் ஓடிய மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளின் குழாய்களையும் அறுத்தன.

இந்த இடத்தை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். 'மூன்றும் ஒன்றாகப் போகாது' என்ற கணக்கு எங்கே தப்பியது? ஊரில் சீட்டுப் பிடிப்பவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். ஒருவர் ஒரே சீட்டில் எல்லாப் பணத்தையும் போடாமல் மூன்று சீட்டில் பிரித்துப் போடுகிறார். புத்திசாலித்தனம்தான். ஆனால் மூன்று சீட்டையும் நடத்துவது ஒரே ஆள் என்றால்? அவர் ஓடிப்போனால் மூன்றும் சேர்ந்து போகும். 'ஒன்று போகிற வாய்ப்பு நூறில் ஒன்று, ஆகவே மூன்றும் போகிற வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று' என்று பெருக்கிக் கணக்குப் போடுவது, மூன்றுக்கும் ஒன்றோடொன்று சம்பந்தம் இல்லை என்றால் மட்டும்தான் செல்லும். டி.சி-10ல் மூன்று அமைப்புகளுக்கும் தனித்தனி எண்ணெய், தனித்தனி பம்ப். ஆனால் மூன்றும் ஒரே வாலுக்குள் போயின. சீட்டு மூன்று, நடத்துபவர் ஒருவர்.

யுனைடெட் 232ன் கேப்டன் ஆல் ஹேய்ன்ஸ். அவரோடு துணை விமானி வில்லியம் ரெக்கார்ட்ஸ், ஃப்ளைட் எஞ்சினியர் டட்லி ட்வொராக். பயணியாக வந்திருந்த இன்னொரு விமானி டென்னிஸ் ஃபிட்ச், டி.சி-10 பயிற்சியாளர், 'உதவட்டுமா' என்று முன்னால் வந்தார். இறக்கைகளின் கீழ் மிச்சமிருந்த இரண்டு எஞ்சின்களின் த்ராட்டில்களையும் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, இருக்கைகளுக்கு நடுவே நின்றும் மண்டியிட்டும் விமானத்தை ஓட்டினார். 44 நிமிடம். அயோவா மாநிலம் சூ சிட்டியில் ஓடுபாதை வரைக்கும் கொண்டு வந்துவிட்டார்கள். ஆனால் வழக்கமான தரையிறங்கும் வேகத்தைவிட மிக அதிக வேகம். தரைக்கு நூறு அடி உயரத்தில் மூக்கு மறுபடி தாழ்ந்தது, வலது இறக்கை முதலில் தரையில் பட்டது. விமானம் உடைந்து தீப்பிடித்தது. 112 பேர் இறந்தார்கள். 184 பேர் பிழைத்தார்கள்.

184 பேர் பிழைத்ததைத்தான் அதிசயம் என்கிறார்கள். பிற்பாடு சிமுலேட்டரில் அனுபவசாலி விமானிகளை உட்காரவைத்து அதே நிலைமையைக் கொடுத்துப் பார்த்தார்கள். நினைத்த இடத்தில், நினைத்த வேகத்தில் இறக்குவது கையால் முடிகிற காரியம் இல்லை, இதைப் பயிற்சியாகச் சொல்லிக்கொடுக்கவும் முடியாது என்ற முடிவுக்கு வந்தார்கள்.

எஞ்சினால் எப்படித் திருப்புவது?

வயலில் பவர் டில்லர் ஓட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பவர் டில்லருக்கு ஸ்டீயரிங் சக்கரம் கிடையாது. கைப்பிடியில் இரண்டு பக்கமும் கிளட்ச் லீவர். இடது லீவரைப் பிடித்தால் இடது சக்கரத்துக்குப் போகும் விசை நிற்கும், வலது சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், வண்டி இடப்பக்கம் திரும்பும்.

விமானத்திலும் வலது எஞ்சினுக்கு விசையைக் கூட்டினால் மூக்கு இடப்பக்கம் திரும்பும். திரும்பும்போது வலது இறக்கைக்குக் கூடுதல் தூக்குவிசை கிடைத்து விமானம் இடப்பக்கம் சாயும். சாய்ந்தால் வளையும். ஏற இறங்க? இரண்டு எஞ்சினுக்கும் சேர்த்து விசையைக் கூட்டினால் ஏறும், குறைத்தால் இறங்கும். இவ்வளவுதான் தத்துவம்.

அப்புறம் ஏன் கையால் முடியவில்லை? இரண்டு காரணம்.

ஒன்று, விமானம் ஊஞ்சல் மாதிரி ஆடும். கட்டுப்பாடு போன விமானம் மூக்கு தாழ்ந்து இறங்கும், இறங்க இறங்க வேகம் கூடும், வேகம் கூடினால் தூக்குவிசை கூடி மேலே ஏறும், ஏறும்போது வேகம் குறையும், குறைந்ததும் மறுபடி இறங்கும். ஓர் ஆட்டம் முடிய ஒரு நிமிடம் போல ஆகும். இந்த ஆட்டத்தின் எந்தக் கட்டத்தில் தரை வந்து சேருகிறது என்பது அதிர்ஷ்டம். சூ சிட்டியில் கீழ்நோக்கி ஆடும் கட்டத்தில் வந்தது.

இரண்டு, எஞ்சின் சொன்னவுடன் கேட்காது. த்ராட்டிலைத் தள்ளினால் விசை முழுதாக வரச் சில விநாடிகள் ஆகும். கீசரில் குளிக்கிறவர்கள் செய்யும் தப்புதான் இங்கேயும். சுடுதண்ணீர் வரவில்லையே என்று குழாயை இன்னும் திருகுவது, திடீரென்று கொதிக்கும் தண்ணீர் வந்ததும் அலறி மூடுவது, உடனே ஜில்லென்று ஆவது. பைலட்டும் இப்படித்தான் கூட்டிக் கூட்டிக் குறைத்து, ஆட்டத்தைத் தணிப்பதற்குப் பதில் வளர்த்துவிடுவார். சரியான நேரத்தில் சரியான அளவு என்பது மனிதருக்குக் கஷ்டம். ஆனால் கம்ப்யூட்டருக்கு?

நாப்கினில் போட்ட படம்

நாசாவின் ட்ரைடன் ஆராய்ச்சி மையத்தில் (கலிபோர்னியா எட்வர்ட்ஸ் விமானத் தளத்தில் இருக்கிறது. 2014ல் நீல் ஆம்ஸ்ட்ராங் பெயரை வைத்துவிட்டார்கள்) பில் பர்சம் எஞ்சின் துறையின் தலைமைப் பொறியாளர். சூ சிட்டி விபத்துக்குப் பிறகு ஒரு விமானப் பயணத்தில் இந்த யோசனை அவருக்கு வந்தது. கொடுத்த நாப்கினில் படம் போட்டார். பைலட் 'எந்தக் கோணத்தில் இறங்க வேண்டும், எந்தத் திசைக்குப் போக வேண்டும்' என்பதை மட்டும் சொல்வார். எந்த எஞ்சினுக்கு எவ்வளவு, எப்போது என்பதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். ஊஞ்சல் ஆட்டம் தொடங்கும்போதே உணர்ந்து அடக்கும்.

முதல் சோதனைக்குக் கிடைத்தது எஃப்-15 போர்விமானம். இந்த வேலைக்கு இதைவிட மோசமான விமானம் கிடைக்காது! இரண்டு எஞ்சின்களும் ஒட்டி ஒட்டி நடுவிலேயே இருக்கின்றன. ஒன்றைக் கூட்டி ஒன்றைக் குறைத்தாலும் திரும்பும் விசை கொஞ்சம்தான் கிடைக்கும். சக்கரங்கள் நெருக்கமாக உள்ள பவர் டில்லரைத் திருப்புவது மாதிரி. இதில் முடிந்தால் எதிலும் முடியும் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

சிமுலேட்டரில் ஓரளவு சுலபமாகத் தெரிந்தது. மேலே போய் ஸ்டீயரிங்கைத் தொடாமல் த்ராட்டிலை மட்டும் பிடித்து ஓட்டிப் பார்த்தபோது சிமுலேட்டர் சொன்னதைவிட ரொம்பவே கஷ்டமாக இருந்தது. காகிதத்தில் எழுதாமல் விட்ட சின்னச் சின்ன விளைவுகள் எல்லாம் காற்றில் வந்து நின்றன. அவற்றையெல்லாம் அளந்து, சிமுலேட்டரைத் திருத்தி, கணக்கை மாற்றி, மறுபடி பறந்தார்கள். பறந்து பார்க்காமல் தெரிந்துகொள்ள முடியாத விஷயங்கள் இருப்பதால்தான் சோதனை விமானி என்று ஒரு தொழிலே இருக்கிறது.

அந்த விமானி கார்டன் ஃபுல்லர்டன். சாதாரண ஆள் இல்லை. 1982ல் கொலம்பியா விண்வெளி ஓடத்தை ஓட்டியவர்களில் ஒருவர். 1985 ஜூலை 29ல் சேலஞ்சர் ஓடத்துக்குக் கமாண்டர். அன்று மேலே ஏறும்போதே மூன்று பிரதான எஞ்சின்களில் ஒன்று நின்றுபோனது. மிச்ச இரண்டை வைத்துத் திட்டமிட்டதைவிடத் தாழ்வான சுற்றுப்பாதையை அடைந்து பயணத்தை முடித்துக்கொண்டு வந்தார்கள். எஞ்சினை நம்புவதும் நம்பாததும் என்னவென்று தெரிந்த ஆள்.

1993 ஏப்ரல் 21. ஃபுல்லர்டன் அந்த எஃப்-15ஐ எஞ்சின் விசையால் மட்டும், கம்ப்யூட்டர் துணையோடு, ஓடுபாதையில் இறக்கினார். உலகத்தில் முதல் முறை.

அடுத்து பயணிகள் விமானம். எம்.டி-11, டி.சி-10ன் தம்பி. நாப்கினில் போட்ட படத்தில் இருந்ததுதான் இங்கே நிஜமானது. புதிதாக எந்தக் கருவியும் பொருத்தவில்லை. விமானத்தில் ஏற்கெனவே இருந்த கம்ப்யூட்டர்களில் மென்பொருளை மட்டும் மாற்றினார்கள். பைலட் கையில் இருந்தது ஆட்டோபைலட் பலகையில் எல்லா விமானத்திலும் இருக்கும் திருகுகள்தான். ஒன்றில் இறங்கும் கோணம், ஒன்றில் திசை. 1995 ஆகஸ்ட் 29ல் ஃபுல்லர்டன் எம்.டி-11ஐ எட்வர்ட்ஸ் ஓடுபாதையில் மெத்தென்று இறக்கினார். நவம்பரில் மறுபடியும். வேறு விமானிகளையும் கூப்பிட்டுத் திருகைக் கையில் கொடுத்தார்கள். கையால் த்ராட்டில் பிடித்து ஓட்டியபோது திணறியவர்கள், கம்ப்யூட்டர் வந்ததும் வழக்கமாக இறங்குவது போலவே ஓடுபாதையை நோக்கி வந்தார்கள்.

'சொல்லிக்கொடுக்கவே முடியாது' என்று 1989க்குப் பிறகு முடிவு கட்டிய ஒன்று, ஆறே வருடத்தில் யாரும் செய்யக்கூடியதாக ஆனது.

அப்புறம்?

அப்புறம் ஒன்றும் ஆகவில்லை. எந்த அரசாங்கமும் இதைக் கட்டாயமாக்கவில்லை. எந்த ஏர்லைன்ஸும் கேட்டு வாங்கவில்லை. 'செலவு அதிகமா? சரி, குறைக்கிறோம்' என்று எஞ்சின் கம்ப்யூட்டரைத் தொடாமல், விமானத்தில் இருக்கும் ஆட்டோ த்ராட்டிலை மட்டும் பயன்படுத்தும் எளிய வடிவங்களையும் நாசா சிமுலேட்டரில் செய்து காட்டியது. அதுவும் ஆய்வறிக்கையாக நின்றுவிட்டது.

2003 நவம்பர் 22ல் மறுபடி நடந்தது. பாக்தாதிலிருந்து கிளம்பிய டிஎச்எல் சரக்கு விமானம், ஏர்பஸ் ஏ300. தரையிலிருந்து விட்ட ஏவுகணை இடது இறக்கையில் பட்டது. ஹைட்ராலிக் மொத்தமும் போனது, இறக்கையில் தீ. எரிக் ஜெனோட், ஸ்டீவ் மிகில்சன், மரியோ ரொஃபைல் என்ற மூன்று பேர். த்ராட்டிலைக் கையால் பிடித்தே கற்றுக்கொண்டு, கற்றுக்கொண்டே ஓட்டி, பாக்தாத் ஓடுபாதையிலேயே இறக்கினார்கள். ஓடுபாதையை விட்டு விலகி மணலில் போய் நின்றது. மூவரும் உயிரோடு இறங்கி வந்தார்கள். அசாத்தியமான திறமை. ஆனால் எம்.டி-11 எட்வர்ட்ஸில் இறங்கி அப்போது எட்டு வருடம் ஆகியிருந்தது. அந்த மூவரிடம் மென்பொருள் இல்லை. திறமையும் அதிர்ஷ்டமும்தான் இருந்தன.

ஏன் யாரும் வாங்கவில்லை? கெட்ட எண்ணம் என்று சொல்லிவிட முடியாது. ஏர்லைன்ஸ் தரப்பில் நியாயம் இருக்கிறது. அதையும் கேட்க வேண்டும்.

முதல் நியாயம்: நோய்க்கே மருந்து கொடுத்துவிட்டார்கள். விபத்துக்குப் பிறகு டி.சி-10ல் ஓர் அடைப்பான் வைத்தார்கள். குழாய் அறுந்தால் மூன்றாவது அமைப்பில் எண்ணெய் முழுதும் வடியாமல் தடுக்கும். பின்னால் வந்த விமானங்களில் இன்னும் மேலே போனார்கள். ஏர்பஸ் ஏ380ல் இரண்டு ஹைட்ராலிக் அமைப்புகள், அவற்றோடு மின்சாரத்தில் இயங்கும் இரண்டு தனி வழிகள். அதாவது சீட்டை வேறு வேறு ஆட்களிடம் போட ஆரம்பித்தார்கள்.

இரண்டாவது நியாயம்: மென்பொருள் இலவசமாக இருக்கலாம், அதைச் சான்றளிப்பது இலவசம் இல்லை. ஒவ்வொரு விமான மாடலுக்கும் தனியாகச் சோதனை, அனுமதி, ஒவ்வொரு விமானிக்கும் பயிற்சி. அதோடு இந்த மென்பொருள் தேவையில்லாத நேரத்தில் தானாக விழித்துக்கொண்டு எஞ்சினைக் குறைத்துவிட்டால்? ஒரு ஆபத்தைத் தீர்க்கப் போய் இன்னொன்றை உள்ளே விட்டது போல ஆகும்.

மூன்றாவதுதான் கனமானது. காமர்ஸ் படிக்கும் எல்லோரும் முதல் வருடத்திலேயே படிக்கும் 'வாய்ப்புச் செலவு'. ஒரு ரூபாயை இங்கே போட்டால் அதே ரூபாயை வேறெங்கும் போட முடியாது. இந்தியாவையே எடுத்துக்கொள்ளலாம். 2010 மே 22 மங்களூர். 158 பேர் இறந்தார்கள். 2020 ஆகஸ்ட் 7 கோழிக்கோடு. 21 பேர். இரண்டுமே மேட்டின் மேல் கட்டிய ஓடுபாதைகள். இரண்டிலும் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் போனது. ஹைட்ராலிக்கால் அல்ல. இறங்கக் கூடாத நிலையில் 'மறுபடி சுற்றி வரலாம்' என்று மேலேறாமல் இறங்கியதால். இந்தியாவில் பாதுகாப்புக்கு என்று ஒரு கோடி இருந்தால் அது முதலில் ஓடுபாதை முனைக்கும் விமானி பயிற்சிக்கும் போக வேண்டும் என்று ஓர் அக்கவுண்டன்ட் சொன்னால் அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று திட்ட முடியாது.

சரி, அப்படியென்றால் நாசா செய்தது வீண் வேலையா?

இல்லை. அந்த அக்கவுண்டன்ட் கணக்கில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. 'நூறு கோடியில் ஒன்று' என்ற எண்ணை வைத்துத்தான் அவர் 'இதற்குச் செலவு செய்வது லாபம் இல்லை' என்கிறார். ஆனால் 1985லும் 1989லும் 2003லும் பொய்த்துப்போனது அந்த எண்தான். ஒவ்வொரு முறையும் காரணம் வேறு. தப்பாகச் செய்த ரிப்பேர், உலோகத்துக்குள் ஒளிந்த குறை, யாரோ தோளில் வைத்துச் சுட்ட ஏவுகணை. இவற்றில் எதுவும் வடிவமைப்பாளரின் பட்டியலில் அந்த வரிசையில் இல்லை. அடுத்த முறை வருவதும் பட்டியலில் இருக்காது. பட்டியலில் இருப்பதற்கு அடைப்பான் வைக்கலாம். இல்லாததற்கு என்ன வைப்பது?

அங்கேதான் எஞ்சின் வருகிறது. எந்த விமானத்திலும் ஏற்கெனவே இருக்கிறது, ஹைட்ராலிக் எண்ணெயை நம்பி ஓடவில்லை, இறக்கைக்கு ஒன்றாகப் பிரிந்து நிற்கிறது. வேறு ஆள் நடத்தும் சீட்டு. அதுவும் பணம் ஏற்கெனவே கட்டியாகிவிட்ட சீட்டு. அதை எடுக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு லாபமும் உண்டு. எந்தப் பேரேட்டிலும் வராதது. 1972ல் பிரைஸ் மக்கார்மிக் என்ற அமெரிக்க விமானி, புதிதாக வந்த டி.சி-10ஐ எஞ்சினால் மட்டும் ஓட்ட முடியுமா என்று சிமுலேட்டரில் தன் ஆர்வத்துக்குப் பயிற்சி செய்து பார்த்திருந்தார். யாரும் சொல்லிச் செய்யவில்லை. அதே வருடம் ஜூன் 12ல் அவர் ஓட்டிய டி.சி-10ன் சரக்குக் கதவு நடுவானில் பிய்ந்து, கட்டுப்பாட்டுக் கம்பிகள் பெருமளவு சேதமாயின. அவர் எஞ்சின்களின் உதவியோடு டெட்ராய்ட்டில் இறக்கினார். உள்ளே இருந்த 67 பேரும் பிழைத்தார்கள். அந்தச் சிமுலேட்டர் நேரத்துக்கு என்ன செலவாகியிருக்கும்? அதற்குக் கிடைத்த வரவு 67 உயிர்.

ஆல் ஹேய்ன்ஸும் இதைத்தான் செய்தார். ஓய்வு பெற்ற பின் பல வருடங்கள் ஊர் ஊராகப் போய் சூ சிட்டியில் நடந்ததைச் சொன்னார். கேப்டன் மட்டும் எல்லாம் தெரிந்தவர் இல்லை, அறையில் இருக்கும் எல்லோரையும் கேட்க வேண்டும் என்பதை முக்கியமாகச் சொன்னார். 2019ல் காலமானார். ஃபிட்ச் 2012ல், ஃபுல்லர்டன் 2013ல் போய்விட்டார்கள். நாசாவின் அறிக்கைகள் மட்டும் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இலவசமாகக் கிடைக்கின்றன. ஏ300ன் மூவர் போல அடுத்து யாருக்காவது அந்த நிலைமை வந்தால், எஞ்சினால் திருப்ப முடியும், ஊஞ்சல் ஆட்டத்தை இந்தக் கட்டத்தில் அடக்க வேண்டும், சக்கரத்தை இறக்கினால் கொஞ்சம் நிதானப்படும் என்ற அறிவு இப்போது உலகத்தில் இருக்கிறது. 1985ல் டோக்கியோ விமானிகளுக்கு அது இல்லை. அவர்கள் அரை மணி நேரத்தில் தாங்களாகவே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

ஓடும் பழைய விமானங்களில் எல்லாம் இதை மாட்டச் சொல்வது நியாயமில்லை. ஆனால் புதிதாக ஒரு மாடலை வரைகிறபோது, எப்படியும் மென்பொருள் எழுதி, எப்படியும் சான்று வாங்கப் போகிறபோது, இதையும் சேர்த்து வாங்குவதற்கு ஆகும் கூடுதல் செலவு வேறு கணக்கு. ஏற்கெனவே வீடு கட்டி முடித்தவரிடம் இன்னொரு மாடிப்படி வைக்கச் சொல்வதற்கும், அஸ்திவாரம் போடுகிறவரிடம் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம்.

பி.காம். முடித்து நாளைக்கு யாராவது ஒரு ஏர்லைன்ஸின் நிதிப் பிரிவில் உட்காரலாம். திருச்சியிலிருந்து தினமும் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஆள் ஏற்றிப் போகும் கம்பெனியாகவே இருக்கலாம். விமானம் வாங்கும் ஃபைலில் 'எஞ்சின் விசைக் கட்டுப்பாடு, கூடுதல் வசதி, இவ்வளவு ரூபாய்' என்று ஒரு வரி வந்தால், எதிரே 'தேவைப்படும் வாய்ப்பு: நூறு கோடியில் ஒன்று' என்று எழுதியிருந்தால், அந்த எண்ணை யார், எதை வைத்து, எதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டார்கள் என்று ஒரு முறை கேட்டுவிட்டு அப்புறம் அடிக்கலாம், அந்த வரியை.